விவாகரத்து ஆனால் பென்ஷன் யாருக்கு?

"அவருக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது. அதில் பாதி எனக்கு உண்டா?"

கணவனை விட்டுப் பிரியும் பெண், வக்கீலிடம் கேட்கும் கேள்விகளில் இது முக்கியமானது.

"வெயிலிலும் மழையிலும் முப்பது வருஷம் உழைத்துப் பெற்ற பென்ஷன். அதில் அவளுக்கு என்ன பாத்தியதை?"

இது கணவன் கேட்கும் கேள்வி.

இரண்டு பேருக்கும் சட்டம் சொல்லும் பதில் வியப்பாக இருக்கும். விவாகரத்தின்போது பென்ஷனைப் பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுக்க இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால், பென்ஷன் வருகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஜீவனாம்சம் நிர்ணயிக்கக் கோர்ட்டுக்கு முழு அதிகாரம் உண்டு.

பிரிட்டனில் 2000-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல், விவாகரத்துக் கோர்ட்டே பென்ஷனைப் பங்கு போட்டு, மனைவியின் பங்கைத் தனியாக அவள் பெயருக்கு மாற்ற முடியும். இங்கே அப்படி இல்லை. இங்கே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்ய வேண்டும். அல்லது கோர்ட்டு ஜீவனாம்சமாக விதிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே கணக்குப் போடாதவர்கள், பிறகு கண்ணீர் விடுவதில் பயன் இல்லை.

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாதுங்கா, பரேல் ரெயில்வே ஒர்க்ஷாப்புகளிலும், துறைமுகத்திலும், மத்திய சர்க்கார் ஆபீசுகளிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். கணவன் தாராவியிலோ, செம்பூரிலோ இருப்பார். மனைவி திருநெல்வேலிச் சீமையில் இருப்பாள். பிரிவு என்று வந்தால், பென்ஷன் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

பென்ஷன் இரண்டு வகை

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் வேறு, குடும்ப பென்ஷன் வேறு.

ஊழியர் உயிரோடு இருக்கும்வரை அவர் வாங்குவது பென்ஷன். அவர் இறந்த பிறகு மனைவிக்கு வருவது குடும்ப பென்ஷன்.

பழைய பென்ஷன் திட்டத்தில், அதாவது 2004-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதிக்கு முன்பு மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்கு, பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப பென்ஷன் அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றபின் இறந்தவரின் மனைவிக்கு 7 ஆண்டு வரை, அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறையும் நாள் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை, 50 சதவீதம் கிடைக்கும். இரண்டுக்கும் அகவிலைப்படி தனி.

விவாகரத்து ஆன மறுநாளே குடும்ப பென்ஷன் பெறும் தகுதி மனைவிக்குப் போய்விடுகிறது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாலும் சரி, "விவாகரத்து ஆன மனைவி" குடும்பம் என்ற சொல்லுக்குள் வரமாட்டாள்.

"உயில் எழுதி வைத்துவிட்டால் போகிறது" என்று சிலர் நினைப்பது உண்டு. அதுவும் நடக்காது. ஒரு ரெயில்வே ஊழியர் தம் சகோதரருக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. குடும்ப பென்ஷன் இறந்தவரின் சொத்து அல்ல, அதை உயில் மூலம் யாருக்கும் கொடுக்க முடியாது என்று 1991-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. ஆகவே, விவாகரத்து ஆன மனைவிக்கு அதைக் கொடுக்கக் கணவனே மனம் வைத்தாலும் வழி இல்லை.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த ஊழியர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஓய்வு பெறும் நாளில் யார் சட்டப்படி மனைவியோ அவருக்குத்தான், கணவன் இறந்தபின் பென்ஷனில் 60 சதவீதம்.

இழப்பு எவ்வளவு?

ஒரு உதாரணம் பார்ப்போம். ரெயில்வே ஹெட் கிளார்க் ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 வயதில் ஓய்வு. மனைவிக்கு 55 வயது.

அவருடைய பென்ஷன் மாதம் 30,000 ரூபாய். அவர் 70 வயதில் இறந்துபோனால் மனைவிக்கு மாதம் 18,000 ரூபாய் குடும்ப பென்ஷன். அந்த அம்மாள் 80 வயது வரை வாழ்ந்தால், 15 வருஷத்துக்கு 32 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இது அகவிலைப்படியைச் சேர்க்காத கணக்கு.

ஓய்வு பெற்ற உடனே விவாகரத்து ஆகிறது. "மாதம் 7,500 ரூபாய் ஜீவனாம்சம்" என்று முடிவாகிறது. பத்து வருஷத்துக்கு 9 லட்சம் ரூபாய் வரும். கணவன் இறந்ததும் அதுவும் நின்றுவிடும். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 65. கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 32 லட்சமும் கணவனுக்கு லாபமாகப் போவது இல்லை. அவர் மறுமணம் செய்யாவிட்டால் அது யாருக்கும் போகாது; சர்க்காரிடமே தங்கிவிடும். மறுமணம் செய்தால் புது மனைவிக்குப் போகும். கணவனுக்கு ஒரு பைசா மிச்சம் இல்லாமல் மனைவிக்கு மட்டும் இத்தனை நஷ்டம் என்றால், இருவரும் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா?

மனைவி கடன்காரி அல்ல

"பென்ஷனைக் கோர்ட்டு தொட முடியாது" என்று சிலர் தைரியமாகப் பேசுவார்கள். 1871-ம் ஆண்டின் பென்ஷன் சட்டம் 11-வது பிரிவை மேற்கோள் காட்டுவார்கள்.

அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். கடன் கொடுத்தவர் கேட்டால் பென்ஷனை ஜப்தி செய்யக் கூடாது. ஆனால் மனைவி கடன் கொடுத்தவளா? இந்தக் கேள்வி மும்பை ஐகோர்ட்டின் நாகபுரி கிளையில் எழுந்தது. ஜீவனாம்சம் கேட்கும் மனைவி கடன்காரி அல்ல. ஆகவே ஜீவனாம்சப் பாக்கிக்காகப் பென்ஷனை ஜப்தி செய்யலாம் என்று 2019-ம் ஆண்டில் அந்தக் கோர்ட்டு கூறியது.

எனவே, பென்ஷன் மட்டுமே வருமானம் என்பதால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

கால் பங்கா? மூன்றில் ஒரு பங்கா?

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017-ம் ஆண்டில் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கோர்ட்டுகளில் அதை அளவுகோலாக எடுத்து வாதாடுகிறார்கள். ஆனால் அது கட்டாயம் அல்ல. மனைவிக்குச் சொந்த வருமானம் உண்டா, பிள்ளைகள் யாரிடம், வயது என்ன, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், கணவன் கவனிக்க வேண்டிய வயதான பெற்றோர் உண்டா, எல்லாவற்றையும் கோர்ட்டு பார்க்கும்.

2020-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு முக்கிய உத்தரவு போட்டது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும். பென்ஷனையும் பிராவிடண்டு பண்டையும் மறைத்தால், பொய் வாக்குமூலம் கொடுத்த குற்றத்துக்கு ஆளாக நேரும்.

பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிபவர்கள் வேறொரு நியாயமான வழியையும் பின்பற்றலாம். மொத்தச் சேவை எத்தனை வருஷம், அதில் தாம்பத்தியம் நடந்தது எத்தனை வருஷம் என்று பார்ப்பது அந்த வழி.

சேவை 36 வருஷம். அதில் சேர்ந்து வாழ்ந்தது 24 வருஷம். அப்படியானால் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குதான் தாம்பத்திய காலத்தில் சம்பாதித்தது. அதில் பாதி மனைவிக்கு என்றால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30,000 ரூபாய் பென்ஷனில் 10,000 ரூபாய். கல்யாணத்துக்கு முன்பும், பிரிந்த பின்பும் உழைத்தது கணவனுக்கே. வீட்டையும் பிள்ளைகளையும் அவள் பார்த்துக்கொண்ட காலத்தில் உழைத்தது இருவருக்கும். கோர்ட்டு இந்தக் கணக்கை ஏற்றே ஆக வேண்டும் என்பது இல்லை. ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் இருவருக்கும் மனக்கசப்பு குறைவான கணக்கு இது.

தொகையை ரூபாயில் மட்டும் எழுதினால், அகவிலைப்படி ஏறும்போது கணவனின் பென்ஷன் ஏறும், மனைவிக்கு ஏறாது. ஆகவே "பென்ஷனும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் இத்தனை சதவீதம்" என்று எழுதுவது நல்லது. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ, குறைக்கவோ கோரி இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவின்படி மறுபடி மனுப் போடலாம். சம்பளம் வாங்கியபோது விதித்த ஜீவனாம்சத்தை, ஓய்வு பெற்ற பிறகு குறைக்கச் சொல்லிக் கணவனும் கேட்கலாம்.

வருமான வரி என்ன சொல்கிறது?

இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

பென்ஷன் வாங்குபவர் அதில் ஒரு பகுதியை ஜீவனாம்சமாகக் கொடுக்கிறார். அந்தப் பகுதிக்கு வரி விலக்கு உண்டா? கிடையாது. மும்பையைச் சேர்ந்த சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர் இதே கேள்வியை எழுப்பினார். கோர்ட்டு டிகிரியின்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்த பணத்தைத் தம் வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும் என்றார். 1960-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. பணம் முதலில் அவர் கைக்கு வருமானமாக வந்தது. வந்தபின் அவர் செலவு செய்தார். ஆகவே வரி அவருக்கே என்பது தீர்ப்பின் சாரம். அது இன்றும் வழிகாட்டி.

சரி, வாங்கும் மனைவிக்கு வரி உண்டா? பிரதாப்கர் இளவரசி மகேசுவரி தேவி வழக்கில் மும்பை ஐகோர்ட்டு இதற்குப் பதில் சொன்னது. 1984-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது வெளியாகி இருக்கிறது. மொத்தமாக ஒரே தடவை வாங்கும் ஜீவனாம்சம் மூலதனம். அதற்கு வரி இல்லை. மாதா மாதம் வாங்குவது வருமானம். அதற்கு வரி உண்டு.

ஆக, மாதப் பணத்துக்கு இரண்டு பக்கமும் கணக்கு வருகிறது. கொடுப்பவருக்கு விலக்கு இல்லை. வாங்குபவருக்கும் வருமானம்.

ஆனால் பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரித் திட்டத்தின்படி 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியது இல்லை. பென்ஷன்காரருக்கு அதற்குமேல் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. மேலே சொன்ன ஹெட் கிளார்க்குக்கும் வரி இல்லை. மாதம் 10,000 வாங்கும் மனைவிக்கும் வரி இல்லை. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய சம்பளக்காரர்களுக்குத்தான் பிரச்சினை. மனைவி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 11 லட்சம். கணவன் பாங்கி அதிகாரி. ஜீவனாம்சம் ஆண்டுக்கு 3 லட்சம். இரண்டும் சேர்ந்து 14 லட்சம். வரி இல்லாமல் இருந்த அம்மாள் இப்போது வரி கட்ட வேண்டும். கணவனும் அந்த 3 லட்சத்துக்குச் சேர்த்தே வரி கட்டுவார். இவர்கள் மொத்தத் தொகையாகப் பேசி முடிப்பதே இருவருக்கும் லாபம்.

வரி தொடாத ரூபாய்

சர்க்கார் ஊழியர் பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்று, மொத்தமாகப் பணம் வாங்கலாம். இதைக் கம்யூட்டேஷன் என்கிறார்கள். அந்தப் பணத்துக்குச் சர்க்கார் ஊழியர் வரி கட்ட வேண்டியது இல்லை.

நமது ஹெட் கிளார்க் மாதம் 12,000 ரூபாயை விற்றால், 60 வயதில் ஓய்வு பெற்றவருக்குரிய 8.194 என்ற மடங்கின்படி 11 லட்சத்து 79 ஆயிரத்து 936 ரூபாய் கிடைக்கும். 15 வருஷம் கழித்து முழு பென்ஷன் திரும்ப வரும்.

இந்தப் பணத்திலிருந்து மனைவிக்கு ஒரே தொகையாகக் கொடுத்தால் கணவனுக்கும் வரி இல்லை. மனைவிக்கும் வரி இல்லை. ஆகவே ஓய்வுக்கு அண்மையில் பிரிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பணம் இது. கம்பெனி ஊழியர்களுக்கு இந்த விலக்கு முழுவதும் இல்லை. பணிக்கொடை வாங்கியவருக்கு மொத்த பென்ஷனின் மூன்றில் ஒரு பங்கை விற்ற தொகைக்கும், வாங்காதவருக்குப் பாதியை விற்ற தொகைக்கும் மட்டும்தான் விலக்கு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

கணவன் மனைவியாக இருக்கும்போது மனைவி பெயரில் பாங்கியில் பணம் போட்டால், அதன் வட்டி கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும். பிரிந்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தின்பேரில் கொடுத்தால் அப்படிச் சேர்க்கப்படாது. ஆகவே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்.

விவாகரத்து ஆன பிறகு, வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் முன்னாள் கணவன் "உறவினர்" அல்ல. வெறும் அன்பளிப்பாகப் பெரிய தொகை கொடுத்தால் கேள்வி வரலாம். "நிரந்தர ஜீவனாம்சம்" என்று கோர்ட்டு டிகிரியிலேயே தொகையையும் சொத்தையும் குறிப்பிடச் செய்வது பாதுகாப்பு.

மாதப் பணமா? மொத்தப் பணமா?

வரியை மட்டும் பார்த்தால் மொத்தப் பணமே மேல். ஆனால் வாழ்க்கை வரியோடு முடிந்துவிடுவது இல்லை.

மொத்தப் பணம் வாங்கிய பெண்ணைச் சுற்றி அண்ணன், தம்பி, மருமகன் என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். கைமாற்று என்று கேட்பார்கள். வியாபாரம் என்பார்கள். பணம் கரைந்துவிட்டால், "மறுபடியும் கொடு" என்று கணவனிடம் போய் நிற்பது எளிதல்ல.

மாதப் பணத்திலும் ஆபத்து உண்டு. கணவன் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்க வேண்டும். மனைவி மறுமணம் செய்தால் அதை நிறுத்தக் கணவன் மனுப் போடலாம்.

ஆகவே இரண்டையும் கலந்து வைப்பது விவேகம். ஒரு பகுதியை மொத்தமாக வாங்கி, மனைவி தன் ஒருத்தி பெயரில் தபால் ஆபீசிலோ, பாங்கியிலோ, எல்.ஐ.சி. பென்ஷன் திட்டத்திலோ போடலாம். கணவன் இறந்தபின் குடும்ப பென்ஷன் வராது என்ற ஓட்டையை அடைப்பது இந்தப் பணம்தான். மற்றதை மாத ஜீவனாம்சமாக வைத்துக்கொள்ளலாம். கணவனுக்கு ஊரில் வீடோ, நிலமோ இருந்தால், ஜீவனாம்சத்துக்கு அந்தச் சொத்தையே பிணையாக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம்.

விவாகரத்து இல்லாமல் பிரிந்தால்?

இனி சேர்ந்து வாழ முடியாது; ஆனால் மறுமணம் செய்யும் எண்ணமும் இரண்டு பேருக்கும் இல்லை. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு விவாகரத்து அவசியம்தானா?

இந்து திருமணச் சட்டம் 10-வது பிரிவின்படி "சட்டப்படி பிரிந்து வாழும்" உத்தரவு பெறலாம். அவள் தனியே வாழலாம், ஜீவனாம்சம் வாங்கலாம். அதே சமயம் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே. ஆகவே குடும்ப பென்ஷன் உரிமை நிற்கும். கள்ளத் தொடர்பு என்ற காரணத்தால் அவள் குற்றம் செய்ததாகத் தீர்ப்பாகிப் பிரிந்திருந்தால் மட்டும் அந்த உரிமை இல்லை.

உதாரணத்தில் கண்ட 32 லட்சத்தைக் காப்பாற்றும் வழி இது. ஆனால் ஒரு வருஷம் சேராமல் இருந்தால், அதையே காரணமாகக் காட்டி எவரும் பிறகு விவாகரத்துக் கேட்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

முத்திரைத்தாளை நம்பாதீர்

ஊர்க்கூட்டம் போட்டு, முத்திரைத்தாளில் எழுதி, "அத்துவிட்டாச்சு" என்று பிரிந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதி வழக்கப்படி விவாகரத்து உண்டு என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தால்தான் அது செல்லும். நிரூபிக்காவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை.

இப்படி "அத்துவிட்ட" பிறகு கணவன் மும்பையில் இன்னொரு குடும்பம் நடத்துவான். அவன் இறந்ததும் இரண்டு பெண்களும் பென்ஷன் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். முதல் கல்யாணம் சட்டப்படி முறியவில்லை என்றால், குடும்ப பென்ஷன் முதல் மனைவிக்கே. இருபது வருஷம் கூட வாழ்ந்த இரண்டாவது பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் பங்கு உண்டு. 2000-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. எனவே ஊரில் விட்டுவந்த மனைவி, "எனக்கு இனி ஒன்றும் இல்லை" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது.

பிள்ளைகளை மறக்க வேண்டாம்

மனைவிக்கு உரிமை போனாலும், அவள் பெற்ற பிள்ளைகளுக்குப் போவது இல்லை. கணவன் மறுமணம் செய்து இறந்தால், விவாகரத்து ஆகாமல் இருந்திருந்தால் தாய்க்கு என்ன பங்கு கிடைத்திருக்குமோ, அந்தப் பங்கு மத்திய சர்க்கார் விதிப்படி அவள் பிள்ளைகளுக்கு உண்டு. 25 வயது வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை, அல்லது சொந்தமாகச் சம்பாதிக்கும்வரை கிடைக்கும். உழைத்துப் பிழைக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. ஆகவே பென்ஷன் படிவத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை பார்க்கும் மனைவிக்கும் ஒரு வசதி வந்திருக்கிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ, கணவன்மீது குடும்ப வன்முறை, வரதட்சணை வழக்கு இருந்தாலோ, கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குக் குடும்ப பென்ஷன் தரும்படி மத்திய சர்க்கார் பெண் ஊழியர் எழுதிக் கொடுக்கலாம். 2024-ம் ஆண்டு ஜனவரியில் இந்த உத்தரவு வந்தது.

பிறந்த வீட்டுப் பென்ஷன்

கணவன் பக்கத்துக் கதவு மூடினாலும், தகப்பனார் பக்கத்துக் கதவு திறந்திருக்கலாம். பலருக்கு இது தெரியாது.

மத்திய சர்க்கார் அல்லது ரெயில்வேயில் பென்ஷன் வாங்கிய தகப்பனாரும், தாயாரும் காலமான பிறகு, அவர்களை நம்பியிருந்த விவாகரத்து ஆன மகளுக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. 25 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள பிள்ளைகளோ, ஊனமுற்ற பிள்ளையோ அவளுக்கு முன்னால் இருக்கக் கூடாது. அவளுக்கு வேறு வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. மறுமணம் செய்துகொள்ளக் கூடாது.

முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு. தாயோ, தகப்பனோ உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து ஆகியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் வழக்காவது தாக்கல் ஆகியிருக்க வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வருஷக் கணக்கில் தள்ளிப்போட்டு, பெற்றோர் காலமான பிறகு வழக்குப் போட்டவளுக்கு இந்தப் பென்ஷன் கிடைக்காது.

கம்பெனித் தொழிலாளிக்கு

தனியார் கம்பெனிகளில் உழைப்பவர்களுக்குப் பிராவிடண்டு பண்டு ஆபீஸ் தரும் பென்ஷன் சிறியது. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ம் ஆண்டில்தான் நிர்ணயம் ஆனது. இதில் பங்கு கேட்டுச் சண்டை போடுவதைவிட, மொத்தமாக வரும் பிராவிடண்டு பண்டையும் பணிக்கொடையையும் கணக்கில் கொண்டுவருவதே பயன் தரும். பிராவிடண்டு பண்டில் இருக்கும் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அதைக் கணவனின் சொத்தாகக் கருதி ஜீவனாம்சத் தொகையைக் கோர்ட்டு நிர்ணயிக்கலாம். ஐந்து வருஷம் தொடர்ந்து சேவை செய்தவர் வாங்கும் பிராவிடண்டு பண்டுக்கு வரி இல்லை.

விவாகரத்து ஆனதும் கணவன் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ஆபீஸ், பிராவிடண்டு பண்டு, பாங்கி, எல்.ஐ.சி. எல்லா இடத்திலும் நாமினி பெயரைச் சரி செய்ய வேண்டும். பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தால், பின்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு வம்பு.

வழக்கு எங்கே போடுவது?

கணவன் மும்பையில் இருக்கிறான் என்பதற்காக மனைவி பாந்திரா குடும்ப நல கோர்ட்டுக்கு ரெயில் ஏறி வர வேண்டியது இல்லை. 2003-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே இந்து திருமணச் சட்ட வழக்குப் போடலாம். திருநெல்வேலியில் இருப்பவள் திருநெல்வேலியிலேயே போடலாம்.

ஜீவனாம்சம் மட்டும் கேட்க, பழைய 125-வது பிரிவு 2024-ம் ஆண்டு ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவாக மாறியிருக்கிறது. எந்த மதத்தவரும் இதில் மனுப் போடலாம். விவாகரத்து ஆன முஸ்லிம் பெண்களும் இதன்படி கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கையெழுத்துக்கு முன்

பரஸ்பர சம்மத மனுவில் "இனி ஒருவர்மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அந்த ஒரு வரியில் மேலே சொன்ன எல்லாமே போய்விடலாம்.

ஆகவே அதற்குமுன் ஐந்து விஷயங்கள் காகிதத்தில் வரட்டும். பென்ஷன் எவ்வளவு, அதில் ஜீவனாம்சம் எத்தனை சதவீதம். கம்யூட்டேஷன், பிராவிடண்டு பண்டு, பணிக்கொடையிலிருந்து மொத்தத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில். கணவன் இறந்தால் மனைவிக்கு என்ன ஏற்பாடு. பிள்ளைகளின் பெயர் பென்ஷன் தஸ்தாவேஜில் இருக்கிறதா. பணம் கொடுக்கத் தவறினால் எந்தச் சொத்து பிணை.

மனம் கசந்து பிரிகிறவர்களுக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்து எண்களை எழுதுவது கஷ்டம்தான். ஆனால் டிகிரியில் எழுதிய எண்ணைத்தான் பிறகு கோர்ட்டு பார்க்கும். எழுதாமல் விட்டதை எந்த ஆபீசிலும் கேட்டு வாங்க முடியாது.